கோடு இறங்கவில்லை

மார்ச் 4, குவாங்ஜு
எழுந்துவிட்டது! கோடு எழுந்துவிட்டது! ஒரே ஓர் அணுவின் தடிமன் கொண்ட கார்பன் தாள், அதுதான் கிராஃபீன். அதன்மேல் துளி அம்மோனியா வாயு பட்டதும் திரையில் கோடு விருட்டென்று ஏறியது. நான் நாற்காலிமேல் ஏறி ஆடினேன். கூட வேலை செய்யும் சுங்கில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "தாசோல், இறங்கும்மா. நீ விழுறதக் கண்டுபிடிக்க இன்னும் சென்சார் செய்யல."

மார்ச் 5
சாப்பிடத் தோன்றவில்லை. சும்மா சும்மா சிரிப்பு வருகிறது.

மார்ச் 18, மொக்போ
மீன் குளிர்கிடங்கில் எங்கள் சென்சார் பெட்டியை மாட்டினோம். அங்கே குளிரூட்டும் குழாய்களில் ஓடுவது அம்மோனியா. கசிந்தால் ஆளைக் கொல்லும். மேலாளர் பியோன் அக்கா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.
"இது என் மூக்கைவிட ஒசத்தியா?"
"பந்தயம் வெச்சுக்கலாமா அக்கா?"
என் வாய் இருக்கிறதே!

மார்ச் 20
ஐயோ. மதியம் பெட்டி அலறியது. எல்லாரும் வெளியே ஓட்டம். பார்த்தால் — சாப்பாட்டு மேசையில் புளிக்கவைத்த திருக்கை மீன்! அதுவே அம்மோனியா வாடை அடிக்கும் பண்டம்.
"பொட்டிக்குப் பசிடீ, ஒரு துண்டு ஊட்டி விடு!"
என்றாள் அக்கா. கிடங்கே சிரித்தது. நாளைக்கே பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். அழவேண்டிய நேரம். எனக்கோ உள்ளுக்குள் கும்மாளம். அந்தக் கோடியில் இருந்த மீனை இங்கிருந்தே மோப்பம் பிடித்திருக்கிறதே என் செல்லம்!

மார்ச் 21
கழற்றத்தான் போனேன். மீனை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், ஜன்னலெல்லாம் திறந்திருக்கிறது. கோடு மட்டும் இறங்கவில்லை. ஏறிக்கொண்டிருந்தது.
"அக்கா, எல்லாரையும் வெளிய அனுப்புங்க."
"மறுபடியுமாடி? எனக்கு ஒண்ணும் வாடை வரலையே."
"தினம் இதுக்குள்ளயே இருக்கீங்க, மூக்குக்குப் பழகிப்போச்சு! தப்புன்னா பொட்டிய நானே கடல்ல போடுறேன்."
நேற்று அப்படிச் சிரித்தவள் இன்று கேட்பாளா? என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "எல்லாரும் வெளிய!" என்று அவளே கத்தினாள்.
கிடங்கின் மெக்கானிக் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடிவிட்டு வந்தார். மீனை உறையவைக்கும் அறைக்குப் பின்னால் குழாய் மூட்டில் விரிசல். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்" என்றார்.
யாருக்கும் ஒன்றுமில்லை. ஒருத்தருக்கும்! அக்காவும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலிலேயே குதித்தோம், பைத்தியங்கள் மாதிரி.

ஜூன் 9
பக்கத்துக் கிடங்கிலும் பெட்டி மாட்டப் போனேன். பியோன் அக்காவும் வந்தாள். அந்த முதலாளியிடம், "இவ நம்ம பொண்ணு. ஓடச் சொன்னா செருப்பைத் தேடாம ஓடுங்க" என்றாள்.
நான் வாய் திறந்து வணக்கம்தான் சொன்னேன். மனிதர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.