குடைக் கம்பியால் கீறிய கோடு

நேற்று செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் காற்று என் குடையைத் திருப்பிப் போட்டுவிட்டது. ஒரு கம்பி துணியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். உட்புறம் நெடுகச் சின்ன வாய்க்கால்போலக் குழிந்திருந்தது. மகாபலிபுரம் பஸ் வந்து போயிற்று, நான் ஏறவில்லை. நீ இருந்திருந்தால், “கம்பியப் பாத்துகினு நிக்கிறியே, பஸ்சு உனுக்காக நிக்குமா?” என்று திட்டியிருப்பாய்.

உன் மகள் எஸ்தரின் கல்யாண பைபிளுக்கு உன் கையாலேயே தோல் உறை செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். ஷூ கம்பெனியில் நாம் ஒன்றாக வேலை பார்த்தோம் என்றுதான் பெயர். நீ கட்டிங் மேஜை, நான் பேஸ்ட் போடுகிறவள். மடிப்புக்குப் பள்ளம் கீறுவது வேறு ஆட்கள், வேறு மெஷின். தடித்த தோலை அப்படியே மடித்தால் உப்பிக்கொண்டு நிற்கும் என்பது நமக்குத் தெரியும். கீறுவதற்குக் கருவி மட்டும் இல்லை.

நீதான் பழைய குடைக் கம்பியை வெட்டி, முனையை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கினாய். ஒரு கழிவுத் துண்டில் இரும்பு ஸ்கேலை ஒட்டி இழுத்ததும் தோல் நூலாகச் சுருண்டு வந்தது. சந்தோஷத்தில் நமக்குத் தலைகால் புரியவில்லை. மடித்துப் பார்த்தால், கோடு நெடுக வெடித்துப் பிளந்தது. குறை தெரிவதற்காகக் கட்டிங் மேஜையில் தோலை எப்போதும் பளபளப்பு மேலே வரும்படிதான் விரிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் பளபளப்புப் பக்கத்திலேயே கீறிவிட்டாய். “இத்தினி வருசமா தோலாண்டயே வேல செய்றேன், எந்தப் பக்கம்னு தெரில பாரு” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

பிறகு உள்பக்கம் கீறிப் பழகினோம். “பாதி ஆழம் போனா போதும், மீதி பாதிதான் மடங்கி நிக்கணும்” என்று எனக்கும் ஒரு துண்டைத் தந்தாய். திருக்கழுக்குன்றம் மலை ஏறுகிற நான் பைபிள் உறையில் கை வைக்கலாமா என்று கேட்டேன். “எந்த சாமியா இருந்தா இன்னாடி, மடிப்பு உக்காரணும், அவ்ளோதான்” என்றாய்.

உறைக்கு முதுகின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு மடிப்புக் கோடு வேண்டும். நல்ல தோலில் முன்னட்டைப் பக்கத்துக் கோட்டை மட்டும் கீறி வைத்தாய். பின்னட்டைக் கோட்டைக் கீறுவதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அங்கிருந்து நீ வீடு திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்து எஸ்தர் அந்தத் தோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். “பெரிம்மா, அம்மா வுட்டுட்டுப் போனத நீங்க முடிச்சுத் தரீங்களா? முடிலன்னா கடைல வாங்கிக்கிறேன்.”

கடை என்ற சொல் என்னைச் சுட்டது. வேறு தோல் வாங்கலாம். நீ கீறிய கோடு இந்தத் தோலில் மட்டும்தான் இருந்தது. என் கை வழுக்கினால் அதுவும் போய்விடும். ஈரத் துணியால் உள்பக்கத்தைத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னட்டைக் கோட்டை இழுத்தேன். வழுக்கவில்லை. மடித்தேன், படிந்தது.

அப்போதுதான் உன் கோட்டைச் சரியாகப் பார்த்தேன். மேலே ஆழமாகத் தொடங்கி, அடிப்பக்கம் வரவர வெறும் கீறலாகிவிட்டிருந்தது. அன்றைக்கே உன் கையில் வலு இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று உன்மேல் கோபம் வந்தது. அந்தத் தோலை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன்.

எஸ்தரிடம் காட்டினேன். “இந்த எடத்துல மடிப்பு உக்காராது. அதே கோட்டு மேல இன்னொரு வாட்டி இழுத்தா சரியாப்பூடும்.”

அவள் விரலால் அந்த இடத்தைத் தடவினாள். “அது அம்மா இழுத்தது பெரிம்மா. அதும் மேல வோணாம்.”

அப்படியே தைத்துக் கொடுத்தேன்.

சதுரங்கப்பட்டினத்தில் உங்கள் சர்ச்சில் கல்யாணம். நான் முன்வரிசையில், உனக்கென்று விட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் பயந்ததுபோலவே பைபிளின் முன்னட்டை அடிப்பக்கம் மூடாமல் தூக்கிக்கொண்டு நின்றது. ஜெபம் முடிகிறவரை எஸ்தர் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே இருந்தாள். வெளியே வந்ததும் போட்டோ எடுக்கிறவர், “கைய எடும்மா, பைபிள் தெரியல” என்றார். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அவள் எடுக்கவில்லை.

உன்னை நினைத்தால் முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் வரும். இப்போது உன் பெண்ணின் அந்தக் கை வருகிறது.