‘இல்லை’ என்று நான் அடித்துக் கொடுத்த நாற்பத்தாறு சீட்டுகள்

அனுப்புநர்:
செ. சகாயராஜ் (வயது 49),
த/பெ செபஸ்தியான்,
கணினித் தட்டச்சு – ஜெராக்ஸ் கடை,
பேருந்து நிறுத்தம் எதிரில்,
செம்பட்டி, திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திண்டுக்கல்.

பொருள்: கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் – முடிவுச் சீட்டில் ஒரு வரி விடுபட்டது – 46 பெண்களை மீண்டும் அழைத்துப் பரிசோதிக்கக் கோருதல் – என் மீதே புகார் அளித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினெட்டு ஆண்டுகளாக மற்றவர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பது என் தொழில். பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர் என்று இந்த அலுவலகத்திற்கு வந்த மனுக்களில் பல என் கடையில் அடித்தவைதான். எனக்காக ஒன்று அடிப்பது இதுவே முதல் முறை. எதிர்மனுதாரர் இடத்திலும் என் பெயரே வருவதால், வழக்கமான படிவம் இதற்குப் பொருந்தவில்லை. பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. கடந்த 2022 ஆகஸ்ட் 20, 21 (சனி, ஞாயிறு) தேதிகளில் எங்கள் ஊரில் ஒரு தனியார் தொண்டு நிறுவனம் பெண்களுக்கு எச்.பி.வி. என்னும் வைரஸ் பரிசோதனை முகாம் நடத்தியது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் அது. சனிக்கிழமை எடுத்த மாதிரிகள் ஓர் ஆய்வகத்திற்குச் சென்றன. அங்கே சோதனைப் பொருட்கள் தீர்ந்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை மாதிரிகள் வேறோர் ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டன. இரண்டு ஆய்வகங்களின் முறையும் வேறு வேறு என்பது அன்று ஊரில் யாருக்கும் தெரியாது.

3. பின்னாளில் மதுரை மருத்துவர் ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கியது இது. இந்த வைரஸில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வகைகள் பதினான்கு வரை பார்க்கப்படுகின்றன. முதல் ஆய்வகத்தின் முறை பதினான்கையும் மொத்தமாகப் பார்த்து, உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும்; எந்த வகை என்று சொல்லாது. இரண்டாம் ஆய்வகத்தின் முறை 16, 18 என்ற இரண்டு வகைகளை மட்டும் தனித்தனியாகப் பார்க்கும், மற்றவற்றைப் பார்க்காது. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி மூட்டையைக் கொட்டி எதிலாவது சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. அதே மூட்டையில் தக்காளியையும் கத்தரிக்காயையும் மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கட்டிவிடுவது இன்னொன்று. இந்தப் புற்றுநோயில் பத்துக்கு ஏழு அந்த இரண்டு வகையால்தான் வருகிறதாம். மீதி மூன்றைப் பற்றியதே இம்மனு.

4. ஆங்கிலத்தில் வந்த அறிக்கைகளைத் தமிழில் சீட்டாக அடித்துத் தரும் வேலை எனக்குக் கிடைத்தது. ஒரு தாளில் நான்கு சீட்டு வர வேண்டும் என்று முகாம் செவிலியர் கூறினார். ஞாயிற்றுக்கிழமை அறிக்கைகளின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: “பிற வகைகள் சோதிக்கப்படவில்லை.” அந்த வரியைச் சேர்த்தால் நான்காவது சீட்டு அடுத்த தாளுக்கு ஓடியது. எடுத்துவிட்டேன். எழுத்தின் அளவைக் குறைத்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நாள் சீட்டும் ஒன்றுபோல் இருக்கட்டும் என்று “எச்.பி.வி. வைரஸ்: இல்லை” என்றே எல்லாவற்றிலும் அடித்தேன். செவிலியர் கையொப்பமிட்டார். ஆய்வகம் பொய் சொல்லவில்லை. அந்த அம்மாவும் என்னை நம்பித்தான் கையொப்பமிட்டார்.

5. எங்கள் தெரு ஒச்சம்மாள் சனிக்கிழமை சென்றவர். “இருக்கிறது” என்று சீட்டு வந்ததும் அழுதுகொண்டே மதுரைக்குப் போய்ச் சிகிச்சை பெற்று இன்று நலமாக இருக்கிறார். என் மனைவி ஆனந்தமேரியும் அன்றே அவருடன் கிளம்பியவர்தான். கடையில் கூட்டம், ஞாயிறு பூசை முடிந்து போய்க்கொள் என்று நிறுத்தியது நான். மனுவில் அவர் என்று எழுதுவதே முறை. ஆனால் இருபத்திரண்டு வருடம் அவளை நான் அப்படி நினைத்ததில்லை, ஐயா.

6. அவளுடைய சீட்டை நானே லேமினேட் செய்து கொடுத்தேன். 2024 தொடக்கத்தில் இடையிடையே ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் சொன்னபோது அவள் அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினாள். “இல்லைன்னு நீங்கதான அடிச்சுக் குடுத்தீக? வயசுக் கோளாறா இருக்கும், விடுங்க” என்றாள். நானும் விட்டுவிட்டேன். என் எழுத்தை அவளுக்கு முன்பே நம்பியவன் நான். அக்டோபரில் மதுரையில் புற்றுநோய் என்று உறுதியானது. அங்கே வைரஸை வகை பிரித்துப் பார்த்ததில் 45 என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆய்வகம் பார்க்காத வகை அது. 2025 மார்ச் 11 அன்று இறந்துவிட்டாள். விடுபட்ட அந்த வரியைப் பற்றி அவளிடம் சொல்ல எனக்கு ஐந்து மாதம் இருந்தது. சொல்லவில்லை. அதற்கு எந்தச் சட்டப்பிரிவு என்று எனக்குத் தெரியவில்லை.

7. ஞாயிற்றுக்கிழமை 48 பேர் வந்தனர். இருவருக்கு “இருக்கிறது” என்றும் 46 பேருக்கு “இல்லை” என்றும் சீட்டு கொடுக்கப்பட்டது. தொண்டு நிறுவனம் இப்போது இம்மாவட்டத்தில் இல்லை; தொலைபேசியும் எடுப்பாரில்லை. நானே பதினோரு வீடுகளுக்குச் சென்றேன். நால்வர் காதுகொடுத்துக் கேட்டனர். மற்றவர்கள் மனைவி போன துக்கத்தில் பேசுகிறேன் என்று மோர் கொடுத்து அனுப்பினர். நர்கீஸ் என்பவர், “சீட்டு பத்திரமா இருக்குண்ணே, நான் நல்லாத்தான இருக்கேன், பிள்ளைக முன்னாடி இதையெல்லாம் பேசாதீங்க” என்று கதவைச் சாத்தினார். அவர் மேல் தவறில்லை. இனி ஜெராக்ஸ் கடைக்காரன் சொல் எடுபடாது. அரசு முத்திரையுடன் ஒரு கடிதம் வந்தால் நம்புவார்கள்.

8. ஆகவே, அந்தப் பெண்களுக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் அனுப்பி, எல்லா வகைகளையும் பார்க்கும் முறையில் இலவசமாக மறுபரிசோதனை செய்ய ஆணையிடுமாறு மன்றாடுகிறேன். இனி எந்த முகாமின் சீட்டிலும் எவை பார்க்கப்பட்டன, எவை பார்க்கப்படவில்லை என்று தமிழில் எழுதச் செய்யுங்கள். என் மீது எடுக்கும் நடவடிக்கை எதுவாயினும் ஏற்கிறேன். அதற்காகக் கடிதங்கள் மட்டும் தாமதமாக வேண்டாம்.

9. என் கணினியில் இருந்த 46 பேரின் பெயர், முகவரிப் பட்டியலை இணைத்துள்ளேன். வரிசை எண் 31 என் மனைவி. அந்தப் பெயரை அடித்துவிட்டு மொத்தம் 45 பேர் என்று திருத்தித் தருவதே முறை. மூன்று நாட்களாக முயன்றும் கை வரவில்லை. அலுவலகத்தில் யாரேனும் அடித்துக்கொள்ளும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: செம்பட்டி
நாள்: 14.07.2025

பிழைக்குப் பொறுப்பான,
செ. சகாயராஜ்
(கையொப்பம்)

இணைப்பு: பெயர்ப் பட்டியல்; ஆய்வக அறிக்கை நகல்கள்; லேமினேட் செய்த சீட்டு – அசல்.