இந்த வருஷம் டீம் எப்படி?

அன்பு மகள் குட்டிமாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ அம்மாவுக்கு அனுப்பிய செருப்பு வந்து சேர்ந்தது. அளவு கச்சிதம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போக மாட்டேன் என்கிறாள். முதலில் வீட்டுக்குள் நடந்து பழக்க வேண்டுமாம். நேற்று சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவே இருபது நடை நடந்தாள். சளி குறைந்துவிட்டது, இருமல்தான் இன்னும் போகமாட்டேன் என்கிறது. அங்கே குளிர் அதிகம் என்று போனில் சொன்னாயாம். காதை மூடிக் கட்டிக்கொள். அழகு குறைந்தால் பரவாயில்லை.

செருப்புப் பெட்டிக்குள் இருந்த சீட்டை நான்தான் முதலில் படித்தேன். அம்மாவுக்கு எழுதியது என்றாலும் கடைசி வரி எனக்கு. “அப்பா, இந்த வருஷம் டீம் எப்படி?” என்று கேட்டிருந்தாய். நீ ஊரைவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் ஃபுட்பால் என்ற பேச்சை நீயும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் பஸ் ஓட்டினேன். போனில் என்றால் “நல்லா இருக்கும்மா” என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரி ஷெட்டில் பஸ்ஸைக் கழுவி நிறுத்திவிட்டு, என் சீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ஸ்டியரிங்மேல் பேப்பரை வைத்து எழுதுவதுதான் காரணம்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நம் பெண்கள் எட்டு அணிகளில் ஏழாவது. எட்டாவது அணி ஒரு ஆட்டத்துக்கு வரவே இல்லை, அதனால்தான் ஏழாவது. அதிலும் எட்டுப் பேர் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். உன்னோடு ஆடியவர்களில் மிச்சம் இருப்பது கோல்கீப்பர் பூட்டு மட்டும்தான். பிரின்சிபால் லீக் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாமல் மேசைமேலேயே வைத்திருந்தார். டீம் இல்லையென்றால் மைதானத்தில் பாதியை வண்டி நிறுத்த விட்டுவிடலாம் என்று ஆபீஸில் பேச்சு அடிபட்டது.

அப்படி இருந்த நேரத்தில்தான் புதிதாகக் கணக்கு டீச்சர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். ஒல்லியான உடம்பு. பத்து வருஷம் ஒரு கம்பெனி அணியில் ஆடியவராம். யாரும் கேட்காமலேயே, நான் கோச்சாக இருக்கிறேன் என்று பிரின்சிபாலிடம் போய் நின்றிருக்கிறார். இப்போது எல்லோருக்கும் அவர் கோச்சம்மாதான்.

உன்னிடம் மறைப்பானேன், நான் அப்போதெல்லாம் பஸ்ஸை மைதானத்துக்கு முதுகு காட்டித்தான் நிறுத்துவேன். ஒருநாள் கோச்சம்மா ஜன்னலைத் தட்டினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “டிரைவர் அண்ணா, தினமும் லேட்டா வந்து உங்க பஸ்ஸ ஓடிப்பிடிக்கிற பொண்ணுங்க யாரு யாருன்னு சொல்லுங்க,” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “பஸ்ஸ விட்டுட்டோமேன்னு நிக்கிறவ எனக்கு வேணாம். துரத்துறவதான் வேணும்,” என்றார்.

இருபத்தாறு வருஷமாகப் பக்கவாட்டுக் கண்ணாடியில் அந்தப் பெண்களைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான்கு பேரைச் சொன்னேன். நான்கு பேரும் இன்று அணியில் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி சுண்டெலி. என் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஒரு கையில் டிபன் பாக்ஸ், ஒரு கையில் சீப்பு, வாயில் ரப்பர் பேண்ட். இத்தனையோடு மூன்று தெரு தாண்டிவந்து பஸ்ஸைப் பிடித்தவள் அவள். இப்போது கையில் எதுவும் இல்லாமல் ஓடுகிறாள், கேட்கவா வேண்டும். வலது ஓரத்தில் பந்தை வாங்கினாள் என்றால் எதிரே நிற்பவர்கள் அவள் எந்தப் பக்கம் போனாள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

பூட்டை உனக்குத் தெரியும். முதல் வருஷத்தில் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாளே, நீகூட அவளைச் சுவரோரம் நிறுத்தி அரை மணி நேரம் எறிந்துகொண்டே இருந்தாயே. அவள் இப்போது கோல் முன்னால் நின்று போடும் சத்தம் பஸ் ஷெட் வரை கேட்கிறது. தடுப்பு வரிசையில் யாராவது ஓர் அடி தள்ளி நின்றால் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். இந்தக் கல்லூரியில் இப்படி ஒரு கோல்கீப்பரை நான் பார்த்ததில்லை. நீ எறிந்த பந்துகள்தான் காரணம் என்று அவளே சொன்னாள்.

கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன ஜூனில் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவள். இரண்டாம் வருஷம். நெட்டையாக இருப்பதால் தூண் என்று பேர். பேச்சு குறைவு. தடுப்பு வரிசையின் நடுவில் ஆடுகிறாள். அவள் ஆடுவதைப் பார்த்தால் எனக்கு வியப்பு அடங்கவில்லை. மற்றவர்கள் பந்தைப் பார்த்து ஓடுகிறார்கள். இவள் பந்து வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய், பஸ் ஸ்டாப்பில் நிற்பதுபோல நிற்கிறாள். பந்து அவளிடமே வந்து சேருகிறது. ஒரு தடவைகூடக் கீழே விழுந்து, சறுக்கி, பந்தைத் தட்டிவிட்டு நான் பார்த்ததில்லை. எதிரணிப் பெண் விழுந்தால் முதலில் கைகொடுத்துத் தூக்கிவிடுவதும் இவள்தான். கூட இருப்பவள் தப்பு செய்தால் திட்டுவதில்லை. அடுத்த பந்துக்கு அவள் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறாள். அவ்வளவுதான். அந்தப் பெண் அதற்குப் பிறகு தப்பு செய்வதில்லை.

குறை இல்லாமல் இல்லை. இடது ஓரம் பலவீனம். கார்னர் உதை எடுக்க ஆளே இல்லை. எடுத்தால் பந்து நேராகப் பக்கத்துக் கட்டிடத்து வாட்ச்மேனிடம் போகிறது. கடைசிக் கால் மணி நேரத்தில் மூச்சு வாங்குகிறார்கள். மாற்று ஆட்கள் மூன்றே பேர்.

என்ன அப்பா இவ்வளவு பேசுகிறார் என்று உனக்குத் தோன்றும். கோச்சம்மா என்னைச் சும்மா விடவில்லை. விதிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, பயிற்சி ஆட்டங்களுக்குக் கோட்டோரம் கொடி பிடிக்க ஆள் வேண்டும் என்றார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் படித்தேன். பின்னால் இருக்கும் பெண்களே என்னிடம் கேள்வி கேட்பார்கள். ஆஃப்சைடு எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. உன் வயதுப் பெண்கள் எல்லாம் என்னை அண்ணா என்று கூப்பிடுகிறார்கள். அம்மாவுக்கு இதில் ஒரே சிரிப்பு.

எட்டு நாள் முன்னால், சனிக்கிழமை சாயந்திரம், போன வருஷம் கோப்பை வாங்கிய அணியை வரவழைத்து நம் மைதானத்தில் ஒரு பயிற்சி ஆட்டம். பிரின்சிபால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இதில் மானம் போகாமல் ஆடினால்தான் கையெழுத்து என்று கோச்சம்மாவிடம் சொல்லியிருந்தாராம். ஒரு பக்கக் கோட்டில் கொடியோடு நான்.

முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இரண்டாம் பாதி தொடங்கியதும் சுண்டெலி கொடுத்த பந்தில் நாம் ஒன்று போட்டோம். ஒன்றுக்கு ஒன்று. முடிய நான்கு நிமிஷம் இருக்கும்போது தூண் பின்னாலிருந்து நீளமாக ஒரு பந்தை உதைத்தாள். சுண்டெலி ஓடிப் பிடித்து, கீப்பரையும் தாண்டி, உள்ளே தள்ளினாள். பிரின்சிபால் எழுந்து நின்று கைதட்டுகிறார். பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து கட்டிக்கொள்கிறார்கள்.

நான் கொடியைத் தூக்கியிருந்தேன். ஆஃப்சைடு. தூண் உதைத்த நொடியில் சுண்டெலி எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டி ஓர் அடி முன்னால் இருந்தாள். என் கண்ணுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. எதிரணிக்காரர்களே ஒன்றும் கேட்கவில்லை. கொடியை இறக்கியிருந்தால் யாருக்கும் தெரியாது.

நடுவர் விசிலடித்து கோல் இல்லை என்றார். சுண்டெலி அழுகையும் கோபமுமாக என் முன்னால் வந்து நின்றாள். “அண்ணா, நீங்க நம்ம பஸ் டிரைவர்தானே? அவங்க பஸ் டிரைவர் இல்லையே?” என்று கேட்டாள். தூண் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தாள். “எவ்வளவுண்ணா முன்னாடி இருந்தா?” என்றாள். “ஒரு அடிம்மா,” என்றேன். “அப்ப சரி,” என்றாள். திரும்பி மற்றவர்களிடம், “கொடி கரெக்ட்டு. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. போய் நில்லுங்க,” என்றாள். அவ்வளவு பேரும் போய் நின்றார்கள், குட்டிமா. முகம் தூக்கிக்கொண்டு ஒருத்திகூட நிற்கவில்லை. கடைசி நிமிஷத்தில் அவர்கள் அடித்த பந்தைப் பூட்டு பறந்து விரல் நுனியால் வெளியே தள்ளினாள். ஆட்டம் சமம்.

பிரின்சிபால் இறங்கி வந்து கோச்சம்மாவிடம் பேனா கேட்டார். அவரிடம் இல்லை. என் சட்டைப் பையிலிருந்த பேனாவில்தான் கையெழுத்துப் போட்டார்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். இந்தப் பக்கத்தை இரண்டு தடவை கிழித்துவிட்டேன்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் துணி மாற்றப் போனார்கள். தூண் பஸ் படியில் உட்கார்ந்து முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் போட்டிருக்கும் உறையைக் கழற்றியிருந்தாள். நீளமாக ஒரு தழும்பு. என்னம்மா என்று கேட்டேன். தசைநார் அறுந்து ஆபரேஷன் செய்ததாம். “ஒம்பது மாசம் தினமும் பயிற்சிண்ணா. செத்துட்டேன்,” என்று சிரித்தாள். இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்கம்மா திரும்ப வந்தாய் என்றேன். “நடக்க மட்டும் போதும்னா ஆபரேஷனே வேணாம், ஆடணும்னா செய்யணும்னு டாக்டர் சொன்னாரு. எங்கப்பா என்கிட்ட வந்து, நீ என்ன சொல்றேன்னு கேட்டாரு. ஆடணும்னு சொன்னேன்,” என்றாள். மிகச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டயர் பார்ப்பதுபோலப் பின்பக்கம் போய்விட்டேன்.

குட்டிமா, உனக்கு முழங்காலில் அடிபட்ட அன்றைக்கு உன் டாக்டரும் என்னிடம் இதே இரண்டையும் சொன்னார். “பொண்ணு கண்ணு முழிச்சதும் பேசி முடிவு பண்ணுங்க,” என்றார். ஊசி மயக்கம் தெளிந்து நீ விழித்தபோது நான் பாதியை மட்டும் சொன்னேன். “நடக்கலாமாம், இனிமே ஆட முடியாதாம்மா,” என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

மைதானத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இந்த பஸ்ஸில்தான் உன்னைக் கொண்டுபோனேன். பின் சீட்டில் நீ. ஒவ்வொரு பள்ளத்திலும் நீ பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. தினம் ஓட்டும் ரோட்டில் இத்தனை பள்ளம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னொரு தடவை என்னால் அப்படி ஓட்ட முடியாது என்று நினைத்துவிட்டேன். நினைத்தது எனக்காக. விழுந்தது உன் தலையில். மைதானத்தில் ஓர் அடிக்குப் பொய் சொல்ல மனம் வராதவன், பெற்ற பெண்ணிடம் சொல்லிவிட்டு இரண்டு வருஷம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

அம்மாவுக்கும் நேற்றுத்தான் தெரியும். போட்டிருந்த புதுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு, “நீங்களே எழுதுங்க. ஒரு வார்த்தையும் பூசி மெழுகாம எழுதுங்க,” என்றாள். எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை அதே டாக்டரைப் போய்ப் பார்த்தேன். இரண்டு வருஷம் கழித்தும் செய்யலாமாம். ஆனால் காலைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நீ இருக்கும் ஊரிலேயே ஒரு நல்ல டாக்டர் பேரையும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டையும், பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்த உன் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் இதோடு அனுப்புகிறேன். அது உன்னுடையது. நீ ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் முடிக்கக் கூடாது. லீக் அடுத்த மாதம் பதினான்காம் தேதி தொடங்குகிறது. எட்டு அணியில் முதல் நான்குக்குள் கண்டிப்பாக வருவோம். இடது ஓரம் தேறிவிட்டால் இறுதி ஆட்டம்கூட எட்டாத தூரமில்லை என்கிறார் கோச்சம்மா. கார்னர் உதைக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. நீ எப்படி எடுப்பாய் என்று பூட்டு அவர்களுக்குச் செய்துகாட்டப் பார்க்கிறாள், அவளுக்கு வரவில்லை. உனக்கு மனம் இருந்தால், எத்தனை அடி பின்னால் போய் ஓடி வருவாய், காலின் எந்தப் பக்கம் படும் என்று நான்கு வரி எழுதி அனுப்பு. எனக்கு வேண்டாம், அந்தப் பெண்களுக்கு அனுப்பு. கோபம் இருந்தால் அதை எனக்குத் தனியாக எழுது. எத்தனை பக்கம் இருந்தாலும் படிப்பேன்.

நீ எங்கே போக நினைத்தாலும் உன் கால்கள் உன் சொல்லை மட்டும் கேட்டு நடக்கட்டும், மகளே. குறுக்கே யாரும் நிற்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா