சரசக்கா வீட்டுச் சேவல்

12.2.1995, ஞாயிறு

படுத்தும் தூக்கம் வரவில்லை.

நான் வழிகாட்டியாகப் போன சுற்றுலாவில் வந்த பம்பாய்க்காரர்கள் நான்கு பேருக்கும் பவானி கூடுதுறையைக் காட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பெருந்துறைப் பக்கம் சரசக்கா தோட்டத்துக்கு வேனில் கூட்டிப்போனேன். நம் ஊர் அரிசிம்பருப்புச் சாதமே போதும் என்று அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

வாசலில் மேய்ந்த செஞ்சேவலைப் பார்த்து அவர்களில் பெரியவர் சொக்கிப்போனார். சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார்.

"என்ன சொல்றாரு கண்ணு?" என்று அக்கா கேட்டார்.

"இத்தன அழகான சேவலப் பாத்ததே இல்லீங்கறாருங்க்கா."

அவ்வளவுதான் சொன்னேன். தென்னந்தோப்பைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்தால் இலையில் நாட்டுக்கோழிக் குழம்பு. எல்லோரும் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டார்கள்.

கிளம்பும்போது வாசலைப் பார்த்தேன். வெறிச்சென்று இருந்தது.

"ஏனுங்க்கா, சேவல் எங்கீங்க?"

"விருந்தாளி ஆசப்பட்டுப்போட்டாரு. இல்லீன்னு எப்படிக் கண்ணு சொல்றது?" அக்காவின் குரல் இறங்கியது. "அது கருப்பராயனுக்கு நேந்து விட்டது. உங்க மாமனுக்குச் செவ்வாக்கெழம ஆப்பரேசன்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த அக்கா!

"சாமிகிட்ட நாஞ் சொல்லிக்கறேன். நீ அவிங்ககிட்டச் சொல்லிப்போடாத. தெரிஞ்சா, சாப்பிட்டது ஒடம்புல ஒட்டாது."

நான் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தேன்.