உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர்

கல்கத்தா, ஜூலை 1974

அன்புள்ள அப்பாவுக்கு பிலோமினா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உப்பளத்தில் வெடித்த உங்கள் பாதம் ஆறிவிட்டதா?

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. பேதியில் துவண்டு வரும் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு குளுக்கோஸ் ஏற்றுகிறோம். மீதிப்பேருக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைப் புகட்டுகிறோம். யாருக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். நேற்று எனக்குத் தண்ணீர்ப் பிள்ளை வந்தான். என் புடவையெல்லாம் கக்கிவிட்டு, சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டான். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் பிழைக்கிறார்கள் என்கிறார் டாக்டர்.

தம்பி சின்னப்பன் பேதியில் போனபோது, "தண்ணி குடுத்தா இன்னும் போவும்" என்று எல்லாரும் சொன்னார்கள். அவன் கேட்கக் கேட்க அம்மா பானையை மூடி வைத்தாள். அன்றைக்கு அதுதான் வைத்தியம். நம் வீட்டு வாசலிலேயே உப்பு குவிந்து கிடந்தது.

இங்கே எல்லாவற்றிலும் கடுகெண்ணெய். கொஞ்சம் ஊறுகாய் அனுப்பச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம், ஊறுகாயை மட்டும் கேளுங்கள்.

டியூட்டிக்கு மணி அடித்துவிட்டது. தண்ணீர் கரைக்கும் அளவைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தெருவில் எந்தப் பிள்ளைக்குப் பேதியானாலும் சொல்லிக்கொடுங்கள், அப்பா. அம்மா காதில் விழாமல் சொல்லுங்கள்.

பிலோமினா