அம்மா அணில் வந்த கதை

அவனியாபுரம்,
12.6.2001

என் அன்பு மனைவிக்கு,

மஸ்கட்டில் வெயில் எப்படி இருக்கிறது? இங்கே நம் வித்யாவும் நானும் சாயங்காலம் ஆளுக்கொரு வரியாகக் கதை கட்டுகிறோம். அம்மா அணில் விமானத்தில் திரும்பி வந்ததாக நேற்று நான் சொன்னேன்.

“குட்டி அணில், ‘நீங்க யாரு?’ன்னு கேட்டுச்சு” என்றாள் அவள்.

“ஏம்மா, அதுக்குத் தெரியாதா?”

“அம்மா அணில் அழுதுச்சுப்பா. குட்டி தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு.”

உன் போட்டோவைக் காட்டினால் உடனே ‘அம்மா’ என்கிறாள். பிறகு ஏன் இப்படிச் சொன்னாள்? விளையாட்டா, வேறு ஏதுமா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வேலையை இன்னொரு வருஷம் நீட்டிக்கலாமா என்று கேட்டிருந்தாய். சரி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. முதலில் லீவு போட்டு வா. மற்றதை அப்புறம் யோசிப்போம்.

உன்னவன்