லிட்டருக்குப் பதினைந்து

ஜூன் 8, ஞாயிறு

நாள் முழுக்கக் காற்று. மழை இல்லை. கொடித் துணி எல்லாம் தென்னந்தோப்பில் போய் விழுந்து கிடந்தது.

இயற்பியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், நந்தினி அக்கா தூங்கிய பிறகு. இருவருக்கும் ஒரே அறை. என்ன செய்வது.

அக்கா வந்து மூன்று வாரம் ஆகிறது. மலைமேல் கம்பம்மெட்டில் இருக்கும் அத்தையின் மகள். இங்கே பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல், இரண்டாம் வருடம். ஹாஸ்டல் சாப்பாடு சேரவில்லையாம்.

அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். எங்கள் டர்போ டீசல் காருக்குப் பதினான்கு வயது. லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. இந்த மாதத்துக்குள் பதினைந்து வராவிட்டால் உடுமலைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட வேண்டும். அப்பா சரி என்றார். பிறகு வெகுநேரம் கார் ஷெட்டிலேயே நின்றார்.

இன்று அப்பாவும் அக்காவும் செய்தவை:
- ஏர் ஃபில்டர் மாற்றியது.
- நான்கு டயருக்கும் காற்று.
- கூரை மேல் கேரியர் கழற்றியது. ("சும்மா காத்தப் பிடிச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கு மாமா.")
- டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றித் துடைத்து மாட்டியது. அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை அப்பாவே முறுக்கினார்.

நான் செய்தது: டார்ச் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அதையும் அக்கா வாங்கி வாயில் கவ்விக்கொண்டாள்.

முன்பெல்லாம் அப்பா கையை நீட்டினால் போதும். பத்தாம் நம்பரா பன்னிரண்டா என்று கேட்காமலே சரியான ஸ்பேனரை வைப்பேன்.

"பரவால்லையே அம்மிணி, மலையில பொறந்தும் வண்டியப் பத்தி இத்தன தெரியுது உனக்கு" என்றார் அப்பா. அம்மிணி என்றதும் நானும் திரும்பிப் பார்த்தேன். என்னை இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

மாலையில் தூறல். கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி டீசல் போடப் போனோம். எங்கள் பக்கத்துக்காரர் எல்லாரும் அங்கேதான் போடுவார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் விலை குறைவு.

அளப்பதற்கு அப்பா ஒரு முறை வைத்திருக்கிறார். அதே பம்ப், அதே மெஷின், கார் அதே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். குழாய் முதல் தடவை தானாக நின்றதும் போதும், மேலே ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது. போன தடவை நிரப்பியதிலிருந்து ஓடிய தூரத்தை இன்று பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். ஏழாம் வகுப்பிலிருந்து நான்தான் வகுப்பேன், டேஷ்போர்டு நோட்டில், பென்சிலால். இன்று அக்கா ஃபோனில் போட்டாள். நான் மீட்டரைப் பார்ப்பதற்குள் விடை வந்துவிட்டது. 13.8.

பம்ப்காரர்: "ஏனுங்ணா, மறுக்காவும் பரீட்சைங்களா? பாசா, ஃபெயிலா?"

அப்பா: "இந்தத் தடவ டீச்சரக் கையோட கூட்டிட்டு வந்துட்டனுங்க. பாஸ்தான்."

டீச்சர் முன்சீட்டில் இருந்தாள். என் சீட்டில். நான் பின்னால், காலி உரச்சாக்கோடு.

ஜூன் 11, புதன்

ஒரு காரியம் செய்துவிட்டேன். எழுதினால் குறையுமா என்று பார்க்கிறேன்.

பள்ளி விட்டு வந்தபோது ஷெட்டில் யாரும் இல்லை. பானெட் திறந்திருந்தது. உள்ளே அடுக்களையில் அப்பாவும் அக்காவும் போண்டா தின்றுகொண்டு சிரித்தார்கள். அவள் பேச்சை அப்பா அப்படியே பேசிக் காட்டுகிறார். "வெரசா வாங்க மாமா. அதேன், அதேன்." அப்பா அப்படிச் சிரித்து நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

ஸ்க்ரூ டிரைவர் பேட்டரி மேல் இருந்தது. அந்த ரப்பர் குழாயின் கிளாம்பைத் தளர்த்தினேன்.

கார் எங்களை விட்டுப் போகக் கூடாது. ஆனால் பதினைந்து அவளால் வரவும் கூடாது. இரண்டும் எப்படி முடியும்? அப்போது யோசிக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

நாங்கள் இன்று செத்திருப்போம்.

அம்மாவின் மூக்குக்கண்ணாடியை வாங்க எல்லாரும் கொல்லங்கோடு கிளம்பினோம். வழியில் ஒரு தேங்காய் லாரி. அதை முந்த அப்பா ஹார்ன் அடித்துவிட்டு வலது பக்கம் எடுத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கார் போகவில்லை. உஸ்ஸென்று சத்தம், பின்னால் ஒரே கரும்புகை. எதிரே பஸ். லாரிக்காரர் பிரேக் போட்டதால் இடம் கிடைத்து உள்ளே நுழைந்தோம். அம்மா என் தொடையைப் பிடித்த பிடியில் நான்கு நகமும் பதிந்துவிட்டன.

"கண்ணாடி வாங்கவா, கட்டயில போகவா கூட்டிட்டு வந்தீங்க? நாளைக்கே உடுமலைக்காரருக்கு ஃபோன் பண்ணுங்க."

அப்பா ஓரமாக நிறுத்தினார். அக்கா பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, குழாய் நெடுகக் கையை வைத்துக்கொண்டே போனாள். "இங்கிட்டுத்தேன் மாமா. காத்து பூராம் வெளிய போகுது. காத்து பத்தாம டீசல் வெந்தும் வேகாமப் புகையாப் போகுது."

"நாந்தான முறுக்குனேன்" என்றார் அப்பா.

"அதிர்வுல தளந்திருக்கும் மாமா. எங்க மலையிலயும் நடக்கும்."

"இல்ல அம்மிணி. என்ற கை முன்ன மாதிரி இல்ல." ஸ்க்ரூ டிரைவரை அவளிடம் கொடுத்தார். "இனி முறுக்கறதெல்லாம் நீயே பாத்துக்க."

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை.

அக்கா கெஞ்சி அம்மாவிடம் ஞாயிறு வரை தவணை வாங்கியிருக்கிறாள். இரவு சாப்பிடும்போது அப்பா வலது கையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தார். ரசத்தில் கை வைக்கவே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் வெயில். அக்காதான் ஓட்டினாள். அறுபதைத் தாண்டவில்லை. பம்பில் நிரப்பி, பொள்ளாச்சி ரோட்டில் போய்த் திரும்பி வந்து, மறுபடி நிரப்பி, ஃபோனைப் பார்த்தாள். 15.3.

அம்மா "ம்" என்றாள். அவ்வளவுதான், கார் எங்களுடையது. அக்காவுக்கு அம்மாவே நெய் ஊற்றினாள்.

அப்பா மட்டும் சந்தோஷப்படவில்லை. மதியம் மோட்டார் ஷெட்டில் ஒரு நட்டை முறுக்கிவிட்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டு, "இறுகியிருக்குதான்னு பாருங்க" என்று கேட்டார். அதைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் தோப்புக்குப் போய்ச் சொன்னேன். அழக் கூடாது என்று போனேன், முடியவில்லை. அப்பா தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை நட்டு வைத்தார்.

"எத்தன சுத்து தளத்துன?"

"மூணுங்கப்பா."

"கையிலயா?"

"ஸ்க்ரூ டிரைவர்லங்க. மொதச் சுத்துக்குக் கை வலிச்சுப் போச்சுங்க."

"அப்ப நா நல்லாத்தான் முறுக்கியிருக்கறேன்."

முகம் ஒரு நொடி தெளிந்தது. பிறகுதான் என்னைப் பார்த்தார். "உங்கம்மா உள்ள இருந்தா. நீ உள்ள இருந்த. அது தெரியுமா உனக்கு?"

அடிக்கவில்லை. வாய்க்கால் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

"உங்கம்மாகிட்ட நா சொல்லிக்கறேன். நந்தினிகிட்ட நீயே சொல்லோணும். அவ நாளைக்குக் காலேஜ் பஸ் ஏறதுக்குள்ள."

மணி பதினொன்று. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். விரல் நகத்தில் இன்னும் கிரீஸ்.

கத்தினால் பரவாயில்லை. அம்மாவைப் போல நகத்தால் கிள்ளினாலும் பரவாயில்லை. அவள் கத்த மாட்டாள். "போகுது விடு, சின்னப்பிள்ளதானே" என்பாள், அப்பாவும் அதைக் கேட்பார், கேட்டுவிட்டு மறுபடி அவளைத்தான் அம்மிணி என்பார்.